சித்திரப் படங்களில் ஆழமானவை எவை?

சித்திரப் படம் என்பது சிறு பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள், பெரியவர்கள் கருத்துச் செலுத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கின்றது. பிள்ளை அழுதால் கைப்பேசியில் ஒரு கார்ட்டூனைப் போட்டுக் கொடுக்கிறோம். சோறு உண்ண மறுத்தாலும் அதுவே மருந்து. தாய் சமையற்கட்டில் இருப்பார். தந்தை வேலைக் களைப்பில் சாய்ந்திருப்பார். பிள்ளை மட்டும் அந்தச் சிறு கண்ணாடியின் முன் அமர்ந்திருக்கும். அதில் ஓடுவது யாது என்று வினவினால், "ஏதோ பொம்மைப் படம், சார்" என்பதே பெற்றோர் பலர் எனக்குத் தந்த விடை. பிள்ளை கடையில் என்ன வாங்கித் தின்றது என்று விசாரிக்கும் நாம், ஒன்றரை மணி நேரம் அது எதனைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று விசாரிப்பதில்லை.

உண்மையில் சித்திரப் படங்களுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. சில படங்கள் கண்ணைக் கூசச் செய்துவிட்டு அத்துடன் கலைந்து போகின்றன. வேறு சில, பிள்ளையின் உள்ளத்திலே பல நாள் தங்கி, ஓர் இரவு அது உறங்கப் போகும் நேரத்தில் ஒரு கேள்வியாக வெளிவருகின்றன. இவ்விரு வகையையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதே ஈண்டு நான் எடுத்துக்கொண்ட பொருள். பெற்றோர்களை முன்னிறுத்தியே இதனை எழுதுகிறேன். மேல் வகுப்பு மாணவர்கள் படித்து, என் கருத்தோடு முரண்படுவார்களாயின், என் அறைக்கு வந்து தாராளமாக வாதாடலாம்.

நம்மில் பலர் ஒரு படத்தின் தரத்தை அதன் பளபளப்பைக் கொண்டு அளக்கின்றோம். அப்பளபளப்பும் எளிதில் வருவதன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 70 நிமிடம் ஓடும் ஒரு படத்திற்கு எத்தனை என்று கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் பெருக்கிப் பார்க்கலாம். 1 இலட்சத்து 800 வரும். ஒரே ஓவியத்தை இரண்டு முறை பயன்படுத்தினாலும் அரை இலட்சத்திற்கு மேல் தேவைப்படும். வால்ட் டிஸ்னியின் நிறுவனம் 1937ஆம் ஆண்டில் 'ஸ்னோ ஒயிட்' என்னும் தன் முதல் முழுநீளச் சித்திரப் படத்தை வெளியிட்டபோது அத்தனையும் மனிதக் கைகளால் வரையப்பட்டவை. 1995ஆம் ஆண்டில் வந்த 'டாய் ஸ்டோரி'தான் முழுக்க முழுக்கக் கணினியைக் கொண்டு ஆக்கப்பட்ட முதல் முழுநீளப் படம். அதற்குப் பிறகு சிங்கத்தின் பிடரியும் கடலின் அலையும் மெய்யானவை போலவே தோன்றத் தொடங்கிவிட்டன. இது தொழில்திறன், பாராட்டத்தக்கது. ஆயினும் வண்ணம் தீட்டிய பானையில் நீர் இருக்கிறதா என்பதை எட்டிப் பார்த்தல்லவா அறிய வேண்டும்?

நான் கையாளும் அளவுகோல் எளியது. பிள்ளைகளுக்கு இயல்பாகவே சில அச்சங்கள் உண்டு. தாய் தந்தையரை இழந்துவிடுவோமோ என்பது முதல் அச்சம். வழி தவறிவிடுவோமோ என்பது மற்றொன்று. வீட்டில் நேர்ந்த துன்பத்திற்குத் தான்தான் காரணமோ என்பது, அவர்கள் வெளியே சொல்லாத மூன்றாவது. பெயர் பெற்ற சித்திரப் படங்கள் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றைத் தொட்டே கதை நடத்துகின்றன. ஆகவே, வேடிக்கைகளையும் பாடல்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த ஒரே இடத்தில் ஒவ்வொரு படமும் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று பார்த்தால் போதும். அங்கே அது நின்று பேசுகிறதா, கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுகிறதா என்பது தெரிந்துவிடும்.

1942ஆம் ஆண்டின் 'பாம்பி' என்னும் படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஃபெலிக்ஸ் சால்டன் என்பார் ஜெர்மன் மொழியில் எழுதி 1923இல் வெளிவந்த நாவல் இதன் மூலம். ஒரு மான்குட்டி பிறந்து வளர்ந்து காட்டின் தலைமை பெறுவதே கதை. ஓவியர்கள் பார்த்து வரைவதற்காக உயிருள்ள மான்குட்டிகளையே படக்கூடத்திற்குக் கொண்டுவந்து வைத்திருந்தனர். காட்டின் தோற்றத்தை வகுத்தவர் டைரஸ் வோங் என்னும் சீன ஓவியர். சிறுவனாகத் தந்தையோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 2016ஆம் ஆண்டில் தமது 106ஆம் வயதில் மறைந்தவர். இலை இலையாக, கிளை கிளையாக வரைவதை விடுத்து, பழைய சீன ஓவிய மரபின்படி பனிமூட்டமும் ஒளியுமாகக் காட்டைத் தீட்டினார். எதை வரையாமல் விடுவது என்று அறிந்திருந்தவர் அவர்.

அப்படத்தில் தாய்மான் இறக்கும் இடமும் அவ்வாறே அமைந்துள்ளது. பனிக்காலம் முடியும் வேளை. தாயும் குட்டியும் புதுப்புல் மேய்கின்றன. தாய் தலையை நிமிர்த்துகிறது; ஓடு என்கிறது. ஓட்டத்தினிடையே ஒரு வெடியோசை. குட்டி புதருக்குள் வந்து சேர்ந்து, தப்பிவிட்டோம் என்று மகிழ்ந்து திரும்பிப் பார்க்கிறது. பின்னால் யாருமில்லை. பனி கொட்டுகிறது. குட்டி அழைத்துக்கொண்டே திரிகிறது. தாயின் உடல் காட்டப்படவில்லை, குருதி காட்டப்படவில்லை, படம் முழுவதிலும் வேட்டைக்காரனின் முகம் ஒரு முறையேனும் காட்டப்படவில்லை. பிள்ளை எல்லாவற்றையும் தானே உணர்ந்துகொள்கிறது. 80 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் காட்சிக்கு ஈடாக நான் கண்டவை மிகச் சில.

எனினும் ஒரு குறையை மறைப்பதற்கில்லை. அந்தத் துயரம் நம் நெஞ்சில் இறங்கும் முன்னரே, அடுத்த காட்சியில் வசந்தம் வந்து பறவைகள் பாடத் தொடங்கிவிடுகின்றன. இழவு வீட்டில் அழும் குழந்தையின் கையில் மிட்டாயைக் கொடுத்து வெளியே அனுப்பிவிடும் பெரியவர்களின் பதற்றம் அங்கே தெரிகிறது.

1994ஆம் ஆண்டில் வந்த 'லயன் கிங்' படத்தை அறியாத பிள்ளை நம் தோட்டத்தில் இல்லை. புத்தகப் பைகளிலும் நீர்ப் புட்டிகளிலும் அச்சிங்கக்குட்டி வந்துவிட்டது. மலையிடுக்கில் மிரண்டோடும் விலங்குக் கூட்டத்தினிடையே தந்தைச் சிங்கம் மடிகிறது. இங்கே உடல் காட்டப்படுகிறது. குட்டி தந்தையை எழுப்பிப் பார்க்கிறது. எழாமற்போகவே, அந்தப் பெரிய கையின் கீழ் புகுந்து படுத்துக்கொள்கிறது. அப்போது சிற்றப்பன் வந்து, உன்னால்தான் உன் தந்தை இறந்தார் என்று அதன் தலையில் பழியைச் சுமத்தி விரட்டிவிடுகிறான். நான் சொன்ன மூன்றாவது அச்சத்தைத் தொடத் துணிந்த படம் என்பதால் இதனை நான் மதிக்கின்றேன். அப்பனும் அம்மையும் சண்டையிட்டுப் பிரிந்த வீடுகளில், தான் சேட்டை செய்ததால்தான் அவ்வாறு நேர்ந்தது என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாங்கள் அறிவோம்.

ஆனால் படம் அந்தச் சுமையை இறக்கி வைக்கும் முறைதான் எனக்கு உடன்பாடில்லை. முதலில் ஒரு வேடிக்கைப் பாட்டு; அந்தப் பாட்டு முடிவதற்குள் குட்டி பிடரி வளர்ந்த சிங்கமாகிவிடுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அது இரவில் என்ன நினைத்தது என்பது நமக்குத் தெரிய வருவதில்லை. முடிவில், கொன்றவன் சிற்றப்பனே என்பது வெளிப்படுகிறது, சண்டை மூள்கிறது, தீயவன் ஒழிகிறான், குட்டியின் குற்றம் நீங்குகிறது. குற்றவாளி ஒருவன் அகப்பட்டதால் பிள்ளை விடுதலை பெற்றது. நோயால் தாயை இழந்த பிள்ளைக்கும், விபத்தில் தந்தையை இழந்த பிள்ளைக்கும் அகப்படக்கூடிய குற்றவாளி யார்? அவர்களுக்கு இந்தப் படம் சொல்லக்கூடியது மிகக் குறைவு.

இவ்விடத்தில் சில பெற்றோர் குறுக்கிட்டு, "பிள்ளைகள் சிரித்து மகிழத்தானே படம், அவர்களுக்கு ஏன் சாவும் அழுகையும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நம் தாத்தா பாட்டிமார் தோட்டத்துக் கோவில் திருவிழாக்களில் விடிய விடியக் கண்ட நாடகங்களை நினைவுகூர வேண்டுகிறேன். அரிச்சந்திர நாடகத்தில் பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைச் சந்திரமதி சுடுகாட்டுக்குச் சுமந்து வருகிறாள். அங்கே பிணம் சுடக் காசு கேட்டு நிற்பவன் அவனுடைய தந்தை. அந்தக் காட்சியைப் பாய் விரித்து அமர்ந்து பார்த்தவர்களில் பாதிப்பேர் சிறுவர்களே. அவர்கள் கெட்டுப் போய்விடவில்லை. ஒன்று மட்டும் வேறுபாடு: அவர்கள் தனியே பார்க்கவில்லை. அழுகை வந்தபோது முகம் புதைக்க ஒரு மடி பக்கத்தில் இருந்தது. இன்று படம் பிள்ளையின் கையில் இருக்கிறது. மடியோ வேறிடத்தில் வேலையாக இருக்கிறது.

2003ஆம் ஆண்டின் 'ஃபைண்டிங் நீமோ' பெற்றோர்களுக்கென்றே எடுக்கப்பட்டதோ என்று ஐயுறத்தக்க படம். ஆஸ்திரேலியாவின் பவளப் பாறைத் திட்டில் வாழும் ஒரு சிறு மீன் தன் மனைவியையும் முட்டைகளையும் பெருமீன் ஒன்றுக்குப் பறிகொடுக்கிறது. எஞ்சியது ஒரே முட்டை. அதிலிருந்து பிறந்த மகனுக்கு ஒரு பக்கத் துடுப்பு சிறியது. இழந்தவன் அஞ்சுவான்; அஞ்சுகிறவன் அடைத்து வைப்பான். "உன்னால் முடியாது" என்று தந்தை சொல்லச் சொல்ல, மகன் சினந்து எல்லை கடந்து போய்ப் பிடிபடுகிறான். பின்னர் தந்தை கடல் முழுதும் தேடி அலைவதை எல்லாரும் விரும்பிப் பார்ப்பர். எனக்கு முக்கியமானது கடைசியில் வரும் வலைக் காட்சி. மகனைக் கண்டடைந்த சற்று நேரத்திலேயே, மற்ற மீன்களைக் காப்பாற்ற அவன் வலைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. தந்தை அவனைப் போகவிட வேண்டும். தேடிப் பிடிப்பதைவிடப் பிடியைத் தளர்த்துவது கடினம் என்பதை ஒரு மீனை வைத்துச் சொல்லிவிட்டார்கள். மகளை வெளியூர் விடுதிப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கி என் மேசையின் முன் அமர்ந்து கண் கலங்கிய தந்தையரை எண்ணிக்கொண்டேன்.

'அப்' என்னும் படம் 2009இல் வந்தது. அதன் தொடக்கத்தில் சில நிமிடங்கள் ஒரு சொல்லும் இல்லை, இசை மட்டுமே. ஓர் இளைஞனும் பெண்ணும் மணக்கின்றனர். குழந்தை இல்லை என்று அறிகின்றனர். தொலைதூர அருவி ஒன்றைக் காண வேண்டுமென்று கண்ணாடிச் சாடியில் காசு சேர்க்கின்றனர். வண்டிச் சக்கரம் பழுதானபோது சாடி உடைகிறது. கால் முறிந்தபோது உடைகிறது. கூரைமேல் மரம் விழுந்தபோது உடைகிறது. தலை நரைத்துவிடுகிறது. மனைவி நோயுற்று மறைகிறார். உண்டியலில் சேர்த்த காசு ஒவ்வொரு முறையும் வேறொன்றுக்குப் போய்விடுவதை நம்மவர்க்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலம் அறியாத பாட்டியும் பேரனோடு அமர்ந்து இதனை முழுமையாகப் புரிந்துகொள்வார். அதன்பின் பேசும் நாய்களும் வான்கப்பல் சண்டையுமாகப் படம் தாழ்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம். மாணவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். ஆனால் முதியவர் மனைவியின் பழைய ஏட்டைப் புரட்டும்போது, வெறுமையாக இருக்கும் என்று அவர் நினைத்த பக்கங்களில் தங்கள் இல்லற வாழ்வின் எளிய படங்களை அவள் ஒட்டி வைத்திருப்பதைக் காணும் இடத்தில் படம் மீண்டும் உயர்கிறது.

இனி, இவை எல்லாவற்றினும் மேலாக நான் மதிக்கும் படத்திற்கு வருகிறேன். ஜப்பானியரான ஹயாவோ மியாசாக்கி இயக்கிய 'மை நெய்பர் டோட்டோரோ' 1988ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அந்நாட்டில் வெளிவந்தது. இதில் வில்லன் இல்லை. சண்டை இல்லை. இரண்டு சிறுமியரும் அவர்தம் தந்தையும் நாட்டுப்புறத்துப் பழைய வீடு ஒன்றுக்குக் குடிவருகின்றனர். தாய் மருத்துவமனையில் இருக்கிறார். என்ன நோய் என்று படம் சொல்வதில்லை. மியாசாக்கியின் சொந்தத் தாயே முதுகெலும்பைப் பற்றிய காசநோயால் பல ஆண்டுகள் அவதியுற்றவர் என்பதை அறிந்தவர்களுக்கு, இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

பெரியவளுக்கு நம் பள்ளியின் நான்காம் ஐந்தாம் ஆண்டு மாணவியரின் வயதுதான். காலையில் எழுந்து சமைக்கிறாள். தந்தைக்கும் தங்கைக்கும் உணவு கட்டிக் கொடுக்கிறாள். ஒரு நாள் தங்கை, பார்த்துக்கொள்ளும் பாட்டியிடம் அடங்காமல் அழுது, அக்காளின் பள்ளிக்கே வந்து நின்றுவிடுகிறாள். ஆசிரியை அவளையும் வகுப்பில் உட்கார அனுமதிக்கிறார். தம்பி தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்த பிள்ளைகளைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அந்த ஆசிரியையின் பெயரைக்கூட நான் அறியேன்; அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

மருத்துவமனைக்குச் சென்று தாயைப் பார்க்கும்போது, தாய் மூத்தவளின் தலைமுடியை வாரிவிடுகிறார். அவ்வளவுதான் காட்சி. வீட்டின் சுமையையெல்லாம் தாங்கும் அந்தச் சிறுமி, அந்தச் சில நொடிகளில் மட்டும் மீண்டும் ஒரு குழந்தையாகிவிடுகிறாள். பிறகு மழை பெய்யும் மாலையில் பேருந்து நிறுத்தத்தில் குடையோடு தந்தைக்காகக் காத்திருக்கிறாள். தங்கை முதுகில் உறங்குகிறாள். பக்கத்தில் காட்டுப் பூதமாகிய டோட்டோரோ, தலையில் ஓர் இலையை வைத்துக்கொண்டு வந்து நிற்கிறது. நெடு நேரம் ஒன்றும் நிகழ்வதில்லை. நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்கிறது. வேகத்திற்குப் பழகிய பிள்ளைகள் இவ்விடத்தில் முதலில் நெளிவார்கள். சற்றுப் பொறுத்தால் அடங்குவார்கள். இந்தக் காட்சியில் வகுப்பு முழுவதும் ஒலி அடங்கிப் போனதை நான் கண்டிருக்கிறேன்.

பின்னர் மருத்துவமனையிலிருந்து தந்தி வருகிறது. தாய் வீடு திரும்புவது தள்ளிப் போகிறது. அதுவரை கலங்காதிருந்த மூத்தவள், தங்கையிடம் சினந்து கத்திவிட்டு, அண்டை வீட்டுப் பாட்டியின் முன் உடைந்து அழுகிறாள். அம்மா இறந்துவிட்டால் என்ன செய்வது என்று வாய்விட்டுக் கேட்டேவிடுகிறாள். நான்கு வயதுத் தங்கையோ, ஒரு சோளக் கதிரை அணைத்துக்கொண்டு, அதைத் தின்றால் அம்மாவுக்கு உடல்நலம் திரும்பும் என்று நம்பித் தனியே மருத்துவமனைக்கு நடக்கத் தொடங்குகிறாள். வழி தவறுகிறாள். ஊரே குளத்தில் தேடுகிறது. டோட்டோரோவின் உதவியால் தங்கை கிடைக்கிறாள். ஆனால், பெற்றோர்கள் இதனைக் கவனிக்க வேண்டும், அந்தப் பூதம் தாயின் நோயைத் தீர்ப்பதில்லை. தீர்ப்பதாகக் காட்டியிருந்தால் எல்லாப் பிள்ளைகளும் கை தட்டியிருப்பார்கள். நோயாளித் தாயை உடைய பிள்ளை மட்டும் ஏமாற்றப்பட்டிருக்கும். சிறுமியர் இருவரும் மரக்கிளையில் அமர்ந்து, சன்னல் வழியே தாய் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, சோளத்தைச் சன்னலோரம் வைத்துவிட்டுத் திரும்புகின்றனர். தாய் வீடு வந்து சேர்வது முடிவுப் பெயர்ப் பட்டியலின் ஓரத்து ஓவியங்களில்தான் தெரிய வருகிறது. அவசரப்பட்டு எழுந்து போகிறவர்கள் அதைக் காணமாட்டார்கள்.

தாய் வெளியூரில் வேலை செய்வதால் பாட்டியிடம் வளரும் மாணவி ஒருத்தி, படம் பார்த்த மறுநாள் என்னிடம் வந்து, "அம்மா அந்தச் சோளத்தைச் சாப்பிட்டாங்களா, சார்?" என்று கேட்டாள். சாப்பிட்டிருப்பார் என்றேன். மீண்டும் இரண்டு நாள் கழித்து அதையே கேட்டாள். லயன் கிங் பார்த்துவிட்டு எத்தனையோ பிள்ளைகள் கர்ச்சித்துக் காட்டியதுண்டு. இப்படி எவரும் இருமுறை வந்து கேட்டதில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். டோட்டோரோ வெளியான அதே நாளில், அதே அரங்குகளில், அதனோடு இணைத்து இன்னொரு சித்திரப் படமும் திரையிடப்பட்டது. இசாவோ தக்காஹாத்தாவின் 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' என்பது அது. போரில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் மடிவதே கதை. உயர்ந்த படைப்பு, ஆனால் பெரியவர்களுக்கு உரியது. சித்திரம் என்பதாலேயே சிறுவர்க்கு உகந்தது என்று எண்ணி யூடியூப்பில் தேடிப் போட்டுக் கொடுத்துவிட வேண்டா.

மியாசாக்கியின் மற்றொரு படமான 'ஸ்பிரிட்டட் அவே' 2001இல் வெளிவந்து, 2003ஆம் ஆண்டில் ஆஸ்கார் பரிசு பெற்றது. பேராசையோடு கண்ட உணவை விழுங்கிய தாய் தந்தையர் பன்றிகளாகிவிட, பத்து வயது மகள் ஆவிகளின் குளியல் மாளிகையில் கூலிக்கு அமர்கிறாள். வேலை கொடுக்கும் சூனியக்காரி முதலில் அவளுடைய பெயரைப் பறித்துப் பாதியாக்கிவிடுகிறாள். சொந்தப் பெயரை மறந்தவர்கள் அங்கிருந்து மீள முடியாது. நம் முன்னோர் பலருடைய பெயர்கள், தோட்டத்துக் கணக்கேட்டில் எழுதியவர் காதில் விழுந்தவாறு பதிந்து, அப்படியே பேரப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வரை வந்துவிட்டன. தாத்தாவின் சரியான பெயர் என்ன என்று வீட்டில் கேட்டு வருமாறு, இப்படத்தைப் பார்த்த ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் சொல்வதுண்டு. சிறியவர்களுக்கு இதில் அச்சமூட்டும் காட்சிகள் மிகுதி. நான்காம் ஆண்டுக்கு மேற்பட்டோர்க்கே இது பொருந்தும்.

'இன்சைட் அவுட்' (2015), 'கோகோ' (2017) ஆகிய இரண்டையும் பற்றிச் சிறிது சொல்லிக் கடக்கிறேன். முன்னது, ஊர் மாறிச் செல்லும் ஒரு சிறுமியின் உள்ளத்தில் மகிழ்ச்சியும் துயரமும் நடத்தும் போராட்டம். துயரத்திற்கும் வீட்டில் ஓர் இடம் வேண்டும் என்று அது சொல்வது சரியே. தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளுக்கு அது நன்கு விளங்கும். பின்னது, மெக்சிக்கோ நாட்டவர் இறந்தோர்க்குப் படையலிடும் நாளைப் பற்றியது. முன்னோரின் படத்துக்குப் பூவிட்டு, அவர்கள் விரும்பிய உணவைப் படைக்கும் நமக்கு அது அயலார் கதையாகத் தோன்றாது.

நம் நாட்டுப் படங்களைப் பேசாமல் விடுவது முறையன்று. மலேசியாவின் முதல் சித்திரக் குறும்படமாகிய 'ஹிக்காயாட் சங் காஞ்சில்' 1983இல் தொலைக்காட்சியில் வந்தது. அதனை உருவாக்கியவர் மலேசியத் திரைப்படப் பிரிவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர் என்பது நம் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி. பின்னர், கேலிச்சித்திரக்காரர் லாட் வரைந்த 'கம்போங் போய்' நூல் 1997இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. 2007ஆம் ஆண்டில் தொடங்கிய 'உப்பின் இப்பின்' இரட்டையரை அறியாதவர் யார்? அவர்கள் தாய் தந்தையற்றவர்கள். பாட்டியும் அக்காளும் வளர்க்கின்றனர். அந்த இழப்பைப் பெரிதாக்கி ஒப்பாரி வைக்காமல், அன்றாடம் பள்ளிக்குப் போய், விளையாடி, திட்டு வாங்கி வாழும் பிள்ளைகளாகவே அவர்களைக் காட்டியிருப்பதை நான் மிகவும் பாராட்டுகிறேன். கடை வைத்திருக்கும் முத்துவும் ராஜுவும் அக்கிராமத்தில் அண்டை அயலாராக இருப்பதைக் கண்டு நம் பிள்ளைகளின் முகம் மலர்கின்றது. குறை ஒன்று உண்டு. கதை தானே உணர்த்திவிட்ட நீதியைப் பல சமயங்களில் பாட்டி வாய்விட்டும் சொல்லிவிடுகிறார். நாள்தோறும் சபைகூடலில் அறிவுரை கூறும் தலைமையாசிரியன் இதனைக் குறையாகச் சொல்வது கண்டு மாணவர்கள் நகைக்கலாம், நகைக்கட்டும். அந்தக் கிராமத்திற்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டமும், அங்கே ஆயாக்கொட்டகையில் வளரும் ஒரு குழந்தையும் கதையின் நடுவில் வரும் முழுநீளப் படம் ஒன்றைக் காண வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். வரைவதில் கைதேர்ந்த மாணவர் இருவர் இப்போது ஐந்தாம் ஆண்டில் இருக்கின்றனர்.

பெற்றோர்கள் செய்யக்கூடியது மிகச் சிறிய செயல். கைப்பேசியில் அன்றி, வீட்டுத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்க்கும்படி படத்தை இட வேண்டும். பிள்ளையோடு தாயோ தந்தையோ ஒருவராவது தொடக்கம் முதல் முடிவு வரை அமர்ந்திருக்க வேண்டும். துயரமான இடம் வரும்போது வேகமாக ஓட்டிவிட வேண்டா. படம் முடிந்தவுடன், "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்கவும் வேண்டா, அந்தக் கேள்வியைப் பள்ளியில் நாங்களே போதுமான அளவு கேட்கிறோம். பேசாமல் இருங்கள். அன்றிரவோ இரண்டு நாள் கழித்தோ, பிள்ளை தானாக ஒன்று கேட்கும். நீங்கள் எப்போது சாவீர்கள் என்றுகூடக் கேட்கும். அப்படிக் கேட்டால், "சீ, அபசகுனமாகப் பேசாதே" என்று வாயை அடைத்துவிடாமல், தெரிந்தவரை உண்மையைச் சொல்லுங்கள்.

பாம்பி 70 நிமிடம் ஓடும். டோட்டோரோ 86 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். வெளியே மழை பெய்துகொண்டிருந்தால் டோட்டோரோவுக்கு இன்னும் பொருத்தமாக இருக்கும்.